பதினெட்டு வயதில் முடிவாகிவிடுவதில்லை

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் ஆடும் 32 ஐஸ் ஹாக்கி அணிகள், 'டிராஃப்ட்' எனப்படும் தேர்வின் மூலம் ஆண்டுதோறும் இளம் வீரர்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மொத்தம் ஏழு சுற்றுகள். தேர்வாகிறவர்களில் பெரும்பாலோர் 18 வயதினர். முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னதாகத் தேர்வுசெய்யும் வாய்ப்பு அதிகம். ஏற்பாடு நியாயமானதே. ஆனால், முதலில் தேர்வாகிறவரே சிறந்த வீரராவார் என்ற எதிர்பார்ப்பை என்னால் ஏற்க இயலவில்லை.

2012-இல் முதலாவதாகத் தேர்வான நெயில் யாக்குபோவை எட்மண்டன் ஆயிலர்ஸ் அணி அந்தப் பருவத்திலேயே களமிறக்கியது. 2018-க்குப் பிறகு அவர் இந்த லீக்கில் ஆடவில்லை. 1998-இல் 171-ஆவதாகத் தேர்வான பாவெல் தத்சியூக், அதன் பிறகும் மூன்றாண்டுகள் ரஷ்யாவிலேயே ஆடினார். டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி காத்திருந்தது. 2001-இல் வந்து சேர்ந்த அவர், அந்த அணியுடன் இருமுறை ஸ்டான்லி கோப்பையை வென்றார்.

இருவரின் திறமையும் ஒன்றல்ல என்று வாதிடலாம். ஆயினும், 18 வயதில் உடலும் ஆட்ட அறிவும் முழுமையாக முதிர்ந்துவிடுவதில்லை என்பதை மறுப்பதற்கில்லை.

கனடாவின் முதன்மை ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களுக்கு அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் கதவு நெடுங்காலம் மூடியிருந்தது. அந்தத் தடை 2025 ஆகஸ்டில் விலகியது. இனி அவர்கள் தம்மைவிட மூத்த வீரர்களுடன் ஆடியபடியே படிப்பையும் தொடரலாம். தொழில்முறை ஆட்டம் கைகூடாதவர்களுக்குப் பட்டமேனும் மிஞ்சும். இந்த அவகாசத்தை அணிகள் மதிக்க வேண்டும். தோற்றுத் துவண்ட அணியின் அவசரத்துக்கு ஓர் இளைஞரின் எதிர்காலம் பலியாகக் கூடாது.