ஊசி போட்டு உண்மை வாங்குவார்களாம்!

எங்கே கொலை, கொள்ளை நடந்தாலும் ஒரு கூச்சல் கிளம்புகிறது: "நார்கோ சோதனை நடத்து, உண்மை வெளிவரும்!" லத்தி வேண்டாமாம், பூட்ஸ் கால் உதை வேண்டாமாம், ஒரே ஊசி போதுமாம். இதற்கு மனோதத்துவ விஞ்ஞானம் என்று பெயர் வேறு!

அது என்ன ஊசி? சோடியம் பென்டதால். ஆபரேஷனுக்கு முன் டாக்டர்கள் போடும் மயக்க மருந்து. அரை மயக்கத்தில் கிடப்பவன் கண்டதையும் சொல்வான், காணாததையும் சொல்வான், கேட்பவர் எடுத்துக் கொடுத்ததையும் திருப்பிச் சொல்வான். உளறலுக்குப் பெயர் வாக்குமூலமா?

ஜோலார்பேட்டையில் ரயிலேறினால் சில மணி நேரத்தில் பெங்களூர். 2000-க்குப் பிறகு இந்தச் சோதனைகள் மும்முரமாக நடந்த ஊர் அது. 2010 மே 5-ல் 'செல்வி எதிர் கர்நாடக மாநிலம்' வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறியது: சம்மதமில்லாமல் நார்கோ கூடாது, பொய் கண்டறியும் கருவி கூடாது, மூளைச் சோதனையும் கூடாது. பிறகும் பீகார் வழக்கொன்றில், எல்லாருக்கும் நார்கோ நடத்துவோம் என்று போலீஸ் சொன்னதை ஹைகோர்ட் ஏற்றது. 2025-ல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்துச் செய்ய வேண்டி வந்தது.

'சம்மதம்' என்ற சொல்லில்தான் சூது இருக்கிறது, தோழர்களே! டேனரியில் ஒரு கட்டுத் தோல் குறைந்தால் யாரைப் பிடிப்பார்கள்? மானேஜரையா? சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பவனைத்தான். இரவெல்லாம் லாக்கப்பில் உட்கார வைத்து வாங்கும் கைநாட்டு சம்மதமாகுமா? மாஜிஸ்திரேட் முன்னால், வக்கீல் உதவியோடு கொடுப்பதே சம்மதம். இதை ஒவ்வொரு தொழிலாளியும் விவசாயக் கூலியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனோதத்துவமே நமக்குப் பகை என்று நாம் சொல்லவில்லை. அது யார் கையில் இருக்கிறது என்றே கேட்கிறோம். அமெரிக்க உளவு ஸ்தாபனத்துக்குச் சித்திரவதை முறைகளை வகுத்துக் கொடுத்த மிட்செலும் ஜெஸ்ஸனும் மனோதத்துவ நிபுணர்களே. அவர்கள் கம்பெனிக்குக் கிடைத்தது 8 கோடி டாலருக்கு மேல் என்று 2014-ல் அமெரிக்க செனட் அறிக்கையே சொல்லிற்று. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமோ யுத்தமும் சித்திரவதையும் தமிழர் மனத்தில் விட்ட காயங்களை எழுதி உலகுக்குக் காட்டினார். தடிப்பு ஒரு மாதத்தில் மறையும். தூக்கத்தில் அலறுவது மறையாது. அதையும் சாட்சியமாகப் பதிவு செய்ய 1999-லேயே இஸ்தான்புல் நெறிமுறை வழி வகுத்துவிட்டது.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்திய சர்க்கார் 1997-ல் கையெழுத்திட்டது. இன்றுவரை அதை உறுதி செய்யவில்லை. உறுதி செய்! லாக்கப்பிலிருந்து வருபவனின் முதுகைப் பார்க்கும் டாக்டரோடு, அவன் மனத்தைப் பார்க்கும் டாக்டரையும் அனுப்பு!