பிள்ளையின் பிணிக்கும் விடுப்பு வேண்டும்

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாள்களில் சென்னைப் பட்டினப்பாக்கத்தில் காய்ச்சலும் வலுக்கிறது. டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையில் வளர்வதன்று. குழாய் நீரைச் சேர்த்து வைக்கும் பீப்பாயிலும் மூடாத குடத்திலும் வளர்வது. நாள் முழுதும் குழாயில் நீர் வராத குடியிருப்புகளில் பீப்பாய் இல்லாத வீடு ஏது? பிள்ளை படுத்தால் இரண்டு வினாக்கள் எழுகின்றன. அருகிலிருந்து பார்ப்பது யார் என்பது ஒன்று. பார்ப்பவரின் அன்றைய ஊதியத்தை யார் தருவது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு நம் சமூகம் தயங்காமல் ‘தாய்’ என்று விடை சொல்லிவிடுகிறது. இரண்டாம் வினாவுக்கு நம் சட்டம் இன்னும் வாய் திறக்கவில்லை.

அங்குள்ள சீனிவாசபுரத்திலிருந்து காலை ஆறு மணிக்கே பெண்கள் எம்.ஆர்.சி. நகர் அடுக்ககங்களுக்கும், இராஜா அண்ணாமலைபுரத்துக்கும், மந்தைவெளிக்கும் வீட்டு வேலைக்கு நடக்கின்றனர். இரவெல்லாம் பிள்ளையின் உடல் கொதித்திருக்கும். பாரசிட்டமால் மருந்தை மூடியில் அளந்து புகட்டி, ‘மதியம் வர்ற வரைக்கும் பாத்துக்கோ ஆயா’ என்று பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் சொல்லிவிட்டுத் தாய் புறப்படுகிறார். போகாவிட்டால் ஒரு நாள் கூலி போகும். இரண்டு நாள் போகாவிட்டால் வேறொருத்தி அந்த வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள். லூப் சாலையில் மீன் விற்கும் பெண்ணுக்கோ முதலாளியும் இல்லை, விடுப்பும் இல்லை. அவர் கடை போடாத நாளிலும் தண்டல்காரர் மாலையில் வந்து நிற்பார்.

ஒரு நாள் காய்ச்சலுக்கு இத்தனை கவலை எதற்கு என்போர் டெங்குவின் இயல்பை அறிய வேண்டும். முதல் சில நாள் காய்ச்சல் அனலாய் அடிக்கிறது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் அது தணிகிறது. தணியும் அந்த வேளையில்தான் சில குழந்தைகளுக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சில்லிட்ட கைகால்கள், காரணமற்ற சோர்வு ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றைக் கண்டதும் மருத்துவமனைக்கு ஓட ஒருவர் அருகில் இருக்க வேண்டும். உடல் குளிர்ந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நிம்மதியடைந்து தாய் வேலைக்குத் திரும்பும் நாளும் அதுவே. இழந்த கூலி அவரை முன்னதாகவே வெளியே துரத்துகிறது. இதைத் தாயின் அசட்டை என்று எவர் சொல்ல முடியும்?

அரசும் இதை அறியாததன்று. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் பிள்ளையைச் சேர்த்தால் படுக்கையருகே தாயோ நெருங்கிய உறவினரோ இருந்தாக வேண்டும். கஞ்சி ஊட்டுவதும், சிறுநீர் கழிந்ததா என்று கவனிப்பதும், சொட்டுநீர் ஏறும் கையை அசையாமல் பிடித்துக்கொள்வதும் அவர்கள் பொறுப்பே. மருத்துவம் இலவசம், அந்தப் பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. ஆயினும் தாயின் உழைப்பை மருத்துவத்தின் ஒரு பகுதியாக எண்ணிப் பெற்றுக்கொள்ளும் அரசு, அந்த நாள்களுக்கு அவர் வீட்டில் அடுப்பெரிய என்ன வழி என்று கேட்பதில்லை.

சட்ட ஏடுகளைப் புரட்டுவோம். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 25ஆம் பிரிவு, ஓராண்டில் 12 நாள் நோய் விடுப்பைச் சம்பளத்துடன் தருகிறது. அந்த நோய் பணியாளருக்கு நேர்ந்த நோயாக இருத்தல் வேண்டும். பிள்ளை நோயுற்றால் 12 நாள் தற்செயல் விடுப்பில்தான் கை வைக்க வேண்டும். பள்ளிச் சேர்க்கை, ரேஷன் அட்டை, உறவில் நேரும் சாவு அனைத்தும் அதற்குள்ளேயே அடங்கியாக வேண்டும். இ.எஸ்.ஐ. என்று மக்கள் அறிந்த காப்பீட்டுத் திட்டத்தில் தொழிலாளி தம் ஊதியத்தில் 0.75 விழுக்காடும், முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்துகின்றனர். தொழிலாளி நோயுற்றால் ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கிறது. அவர் பிள்ளை நோயுற்றால் மருந்து உண்டு, பணம் இல்லை. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று விதித்தது 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம். காய்ச்சல் கண்ட குழந்தையை எந்தக் காப்பகம் ஏற்கும்? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை.

நிரப்ப முடியாத இடைவெளியும் அன்று இது. நடுவண் அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2008 செப்டம்பர் முதல் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு வழங்குகிறது. மூத்த பிள்ளைகள் இருவருக்காகப் பணிக்காலம் முழுவதிலும் 730 நாள்; 2018 முதல் மனைவியின் துணையின்றிப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் அது உண்டு. இமாச்சலப் பிரதேசத்தில் எலும்பு நொறுங்கும் பிறவி நோய் கொண்ட மகனின் மருத்துவத்துக்காகத் தம் விடுப்பனைத்தையும் செலவழித்துவிட்ட உதவிப் பேராசிரியை ஒருவரின் வழக்கில், 2024 ஏப்ரல் 22 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகப் பேசியது. பெண்கள் பணியில் பங்குகொள்வது சலுகை ஆகாது, அரசமைப்பின் கட்டளை என்றும், இவ்விடுப்பு இன்றேல் தாய்மார் வேலையையே துறக்க நேரும் என்றும் அது கூறியது. ஆனால் நீதிமன்றத்தின் அந்த நியாயம் அரசு ஊழியரின் வாயிலோடு நின்றுவிடுகிறது. ஒரு முறைக்கு ஐந்து நாளுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும் என்ற விதியால், மூன்று நாள் காய்ச்சலுக்கு அங்கும் அது எளிதில் உதவாது.

உலகம் வேறு வழி கண்டிருக்கிறது. சுவீடனில் ஒரு குழந்தைக்கு ஆண்டில் 120 நாள் வரை பெற்றோர் வீட்டிலிருந்து ஏறத்தாழ 80 விழுக்காடு ஊதியம் பெறலாம். தருவது முதலாளி அல்லர், சமூகக் காப்பீடு. செருமனியில் நோய்க் காப்பீடு, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டில் 15 பணிநாள்களுக்கு இழப்பீடு தருகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்க்கென 1981இல் 156ஆம் உடன்படிக்கையை இயற்றியது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

செல்வ நாடுகளின் வழக்கம் நமக்கு எட்டுமா, சிறு கடைக்காரர் தாங்குவாரா, பொய் சொல்லி விடுப்பெடுப்போர் பெருகாரா என்ற தடைகள் எழுப்பப்படும். சிறு கடைக்காரரின் அச்சம் மெய்யானது; ஆகவேதான் இச்சுமையைக் காப்பீடு ஏற்க வேண்டும் என்கிறோம். பொய் பற்றிய அச்சத்துக்கும் விடை எளிது. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பிள்ளையைச் சோதிக்கும் மருத்துவரே தொழிலாளிக்கும் சான்றிதழ் எழுதுபவர். அதே பேனாவால் ‘இக்குழந்தைக்கு மூன்று நாள் துணை வேண்டும்’ என்று எழுத அவருக்கு என்ன தடை?

தமிழ்நாடு அரசு செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, கடைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவில் பணியாளரின் நோயோடு பிள்ளையின் நோயையும் சேர்ப்பது. தியாகராய நகர்த் துணிக்கடைகளைப் போன்ற இடங்களில் நாள் முழுதும் நின்றே வேலை செய்தோருக்கு இருக்கை தர இதே சட்டத்தை 2021இல் திருத்திய மாநிலம் இது. ஒரு பிரிவைத் திருத்துவது அதற்குப் புதிதன்று. இரண்டாவது, காப்பீட்டு நோய்ப் பயனைப் பிள்ளையின் பிணிக்கும் விரிக்குமாறு நடுவண் அரசை வலியுறுத்துவது. மூன்றாவதும் தலையாயதும், இந்தச் சட்டங்களுக்குள் வராத இல்லப் பணியாளருக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் அவரவர் நல வாரியத்தின் வழியே நாள் இழப்பீடு தருவது. இல்லப் பணியாளருக்கு 2007இலேயே வாரியம் அமைத்தோம். மகப்பேற்றுக்கும் திருமணத்துக்கும் உதவி தருகிறோம். பிள்ளை மருத்துவமனையில் கிடந்த நாள்களுக்கு, அங்கு தரும் விடுவிப்புச் சீட்டையே சான்றாகக் கொண்டு குறைந்தபட்சக் கூலியை வழங்குவது இயலாத செயலன்று.

இவ்விடுப்பு தந்தைக்கும் சமமாக அமைதல் வேண்டும். தாய்க்கு மட்டுமே தந்தால், பிள்ளை பெற்ற பெண்ணை வேலைக்கு வைக்க முதலாளிகள் தயங்குவர். நலம் நாடி இயற்றிய சட்டமே கேடாய் முடியும். மேலும், படுக்கையருகே ஓர் இரவு விழித்திருக்க ஆண்மகனுக்குத் தெரியாது என்பது நாமே கட்டிவிட்ட கதை.

சட்டம் வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இத்தலையங்கத்தைப் படிப்போரில் பலர் தாமே முதலாளிகள். உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு வீட்டிலிருந்தீர்கள், சம்பளம் குறையவில்லை. உங்கள் வீட்டில் வேலை செய்பவர் பிள்ளைக்கு உடல்நலமில்லை என்று தொலைபேசியில் சொல்லும் நாளில், அந்த நாளின் கூலியைப் பிடிக்காதீர்கள். அவர் திரும்பி வரும்வரை அந்த வேலையை அவருக்கே வைத்திருங்கள்.