ஐந்தாவது ஆள்

கோடை விடுமுறை பிறந்ததும் நமக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடுவது வழக்கம். அரசியலைப் பற்றியும் அரிசி விலையைப் பற்றியும் கேட்கிறவர்கள் சற்றே ஓய்ந்துவிடுகிறார்கள்; தாய்மார்கள் பேனாவைக் கையில் எடுக்கிறார்கள். இந்த வாரம் ஒரு சகோதரி எழுதியிருக்கும் கடிதம் இது:

"எங்கள் வீட்டில் ஐந்து பேர். மகனுக்கு வயது 14, மகளுக்கு 8. நானும் என் கணவரும் இருவர். என் மாமியாருக்கு 71. சாயங்காலம் ஆனால் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு கைப்பேசி. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஆடும்படியான பலகை விளையாட்டு ஒன்று வாங்க ஆசை. கடைக்குப் போனால் கூரை வரையில் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது?"

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல நமக்கு ஒரு விதத்தில் யோக்கியதை உண்டு. ஏனெனில், இதே காரியத்தில் நாம் பூரண தோல்வி அடைந்தவர்கள்.

நமது இல்லத்திலும் ஐந்து பேர்தான். இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு விடுமுறையில், கடைக்காரர் சிபாரிசின் பேரில், நிலம் வாங்கி வீடு கட்டி, அவ்வழியே வருகிறவர்களிடம் வாடகை வசூலிக்கும் விளையாட்டு ஒன்றை வாங்கி வந்தோம். இரவு ஏழு மணிக்குக் குதூகலமாக ஆரம்பித்தோம். எட்டு மணிக்குச் சின்னவள் கையிலிருந்த காசெல்லாம் போய், அழுதுகொண்டே படுக்கைக்குச் சென்றாள். ஒன்பது மணிக்குப் பெரியவன் பாதி நகரத்துக்குச் சொந்தக்காரனாகிவிட்டான். "மாவு அரைக்க வேண்டும்" என்று எழுந்து சென்ற நம் வீட்டு எஜமானி திரும்பி வரவேயில்லை. பத்தரை மணிக்கு நாமும் ஆண்டியானோம். மறுநாள் முழுவதும் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

இதில் குழந்தைகளின் குற்றம் ஒன்றுமில்லை. இந்த வகை விளையாட்டுக்கு மூலமாக இருந்ததை அமைத்து, 1904-ல் காப்புரிமை பெற்றவர் எலிசபெத் மாகி என்னும் அமெரிக்க மாது. நிலமெல்லாம் ஒருவர் கையில் சேர்ந்தால் மற்றவர்கள் எப்படி நசித்துப் போகிறார்கள் என்று ஜனங்களுக்குக் காட்டுவதே அவருடைய நோக்கம். அந்த அம்மையார் காட்ட விரும்பியது நம் வீட்டுக் கூடத்தில் ஐயந்திரிபற நிரூபணமாயிற்று!

நான்கு பேரின் கதையைத்தான் சொன்னோம். ஐந்தாவது ஆள் நமது தாயார். அவர் ஆட்டத்தில் சேரவே இல்லை. "அம்மா, நீயும் வாயேன்" என்று கூப்பிட்டோம். "நீங்க ஆடுங்க. நான் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லி, கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பார்ப்பதில் அவருக்குத் திருப்தி என்று நாமும் நம்பினோம். இந்த ஒரு வாக்கியத்தை நாம் இரண்டு வருஷ காலம் நம்பிக்கொண்டிருந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

இப்போதெல்லாம் விளையாட்டுப் பெட்டி எதைக் கண்டாலும் நாம் நான்கு கேள்விகள் கேட்பதுண்டு. சகோதரியும் கடையில் நின்று இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது: ஆட்டத்தின் நடுவில் யாராவது வெளியேற நேருமா? நேருமானால் அது குடும்பத்துக்கு ஏற்றதன்று. வெளியேறுகிறவர் பெரும்பாலும் வயதில் சிறியவராக இருப்பார். மிச்சமுள்ள நேரம் முழுவதும் அவர் செய்யக்கூடியது அழுகை ஒன்றுதான்.

இரண்டாவது: எத்தனை பேர் ஆடலாம்? இதைப் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள், நாம்தான் பார்ப்பதில்லை. ஜெர்மனியில் கிளாஸ் டாய்பர் என்பவர் அமைத்து 1995-ல் வெளிவந்த 'கேட்டான்' என்னும் விளையாட்டு உலகமெங்கும் பெயர் பெற்றது. செங்கல்லுக்கு ஆடு, ஆட்டுக்குக் கோதுமை என்று பண்டமாற்றுச் செய்து ஊர் அமைக்க வேண்டும். கடைசி வரையில் யாரும் வெளியேறுவதில்லை. ஆனால் மூலப் பெட்டி மூன்று அல்லது நான்கு பேருக்குத்தான். 2008-ல் வெளிவந்த 'பாண்டமிக்' என்பதில் ஒருவரை ஒருவர் எதிர்ப்பதே கிடையாது. எல்லோரும் ஒரு கட்சியாக நின்று நோய்களை எதிர்த்துப் போராடுகிறார்கள். சண்டைக்கார வீடுகளுக்கு இது நல்ல மருந்து. இதுவும் நான்கு பேர் வரைதான். நமது காரம் பலகைக்கும் பக்கங்கள் நான்கே. எங்கே பார்த்தாலும் நான்கு! ஐந்து பேருள்ள வீட்டில் நான்கு பேர் ஆட்டத்தை வாங்கினால், விலகிக்கொள்பவர் யார் என்று சீட்டுக் குலுக்கிப் பார்க்க வேண்டியதில்லை. எப்போதும் ஒரே ஆள்தான் விலகிக்கொள்கிறார்.

மூன்றாவது: அதிர்ஷ்டம் எவ்வளவு, சாமர்த்தியம் எவ்வளவு? சதுரங்கத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. விசுவநாதன் ஆனந்துக்கு ஆறாவது வயதில் சதுரங்கம் கற்பித்தவர் அவருடைய அன்னை. பிற்பாடு 2007 முதல் 2013 வரையில் உலக வீரராக அவர் விளங்கியதை யாவரும் அறிவர். தாயும் பிள்ளையும் எதிரெதிரே உட்காரச் சதுரங்கத்துக்கு நிகர் வேறில்லை. ஆனால் 14 வயதுப் பையனோடு 8 வயதுப் பெண் ஆடினால் நூறு ஆட்டத்திலும் அவளே தோற்பாள். பரமபதம் இதற்கு நேர்மாறு. அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. உருட்டினால் ஏணி, அல்லது பாம்பு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்கு அது உகந்தது. எட்டு வயதுக்கும் உகந்தது. 14 வயதுப் பையனோ பத்து நிமிஷத்தில் கொட்டாவி விடுவான். குடும்பத்துக்கு வேண்டியது இரண்டும் கலந்த ஆட்டம். சிறியவள் ஜெயிக்க அதிர்ஷ்டம் கொஞ்சம் இருக்க வேண்டும். பெரியவன் உட்கார்ந்திருக்க யோசனைக்கும் வேலை இருக்க வேண்டும்.

நான்காவது: கண்ணுக்கும் கைக்கும் முழங்காலுக்கும் ஏற்றதா? பொடி எழுத்து அச்சிட்ட சீட்டுகள் வயோதிகர்களுக்கு உதவா. 'ஸ்கிராபிள்' போன்ற எழுத்து விளையாட்டில், பெரும்பாலும் கிடைப்பது ஆங்கிலப் பெட்டியாதலால், அந்தப் பாஷை அறிந்தவர்களுக்குத்தான் ஆட்டம். தரையில் உட்கார முடியாதவருக்காகப் பலகையைக் கட்டிலின் மேலோ மேஜையின் மேலோ வைக்க முடியுமா என்றும் பார்க்க வேண்டும்.

இந்த ஞானமெல்லாம் நமக்குக் கடையில் உதயமாகவில்லை. சென்ற ஆண்டு ஒரு நாள் சாயங்காலம் மின்சாரம் நின்றுவிட்டது. கைப்பேசிகளும் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. வீட்டில் ஒரே மௌனம். அப்போது கதவோரத்து நாற்காலியிலிருந்து நமது தாயாரின் குரல் கேட்டது: "சாக்பீஸ் ஒண்ணு இருந்தா எடுத்துக்கிட்டு வா, கண்ணு."

அவர் சொல்லச் சொல்ல, சின்னவள் கோடு கிழித்தாள். எதன் மேல் என்று நினைக்கிறீர்கள்? நாம் விலை கொடுத்து வாங்கிய அந்த நில விளையாட்டின் அட்டையைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில்! ஏழுக்கு ஏழு கட்டம். நாற்புறமும் பெருக்கல் குறியிட்ட கட்டங்கள். பிறகு தாயாரின் டிரங்குப் பெட்டியிலிருந்து பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டு வெளிவந்தன. எத்தனை வருஷமாக அவை அங்கே இருந்தன என்று நாம் கேட்டதே இல்லை. புளியங்கொட்டை, சட்டைப் பொத்தான், காப்பிக்கொட்டை, கூழாங்கல் என்று நான்கு கட்சிக்கும் காய்கள் சேர்ந்தன. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கட்டிலின் மேல் ஆட்டம் ஆரம்பமாயிற்று.

தாயம் நான்கு பேர் ஆட்டமாயிற்றே, ஐந்தாவது ஆள் எங்கே போனார் என்று கேட்கலாம். அதற்கும் தாயாரே வழி செய்தார். "நானும் இவளும் ஒரு கட்சி. இவ உருட்டட்டும், எந்தக் காயை நகர்த்தறதுன்னு நான் சொல்றேன்" என்றார்.

பெரியவனுடைய காய் ஒன்று ஊரெல்லாம் சுற்றிப் பழமாவதற்கு மூன்றே கட்டம் பாக்கி இருந்தது. சின்னவள் இரண்டு போட்டாள். தாயார் விரலால் ஒரு புளியங்கொட்டையைக் காட்டினார். காய் வெட்டுண்டது.

"பாட்டி, இது அநியாயம்!" என்று கத்தினான் பையன்.

"ஆட்டத்துல ஏதுடா பாட்டி? போய்த் தாயம் போடு!" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பை நாம் கேட்டு வெகு காலமாகியிருந்தது.

அன்று நாம் தோற்றோம். ஆனால், "நான் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்ற வாக்கியத்தின் பொருள் அன்றுதான் விளங்கிற்று. எனக்குத் தெரியாத ஆட்டத்தில் பேரப்பிள்ளைகள் முன்னிலையில் என்னைத் திண்டாட வைக்காதீர்கள் என்பதே அதன் பொருள். மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, யாரும் சொல்லாமலே, அந்த அட்டை கட்டிலின் மேல் தயாராக இருந்தது.

தாயம் ஏன் ஐந்து பேரையும் பிடித்து உட்கார வைக்கிறது என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். ஒவ்வொரு கட்டையிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெற்று என நான்கு பக்கங்கள். இரண்டு கட்டைகள் விழக்கூடிய விதங்கள் 16. அவற்றில் தாயம், அதாவது ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெற்றும், விழுவது இரண்டு விதத்தில். ஆகவே எட்டுக்கு ஒரு பங்குதான் சந்தர்ப்பம். இரண்டும் வெற்றாக விழுந்தால் 12. அது பதினாறில் ஒன்று. இதுவரை அதிர்ஷ்டம். ஆனால் விழுந்த எண்ணுக்கு எந்தக் காயை நகர்த்துவது, பத்திரமான கட்டத்தில் பதுங்குவதா, துணிந்து வெட்டுவதா என்பதெல்லாம் சாமர்த்தியம். காய் வெட்டுப்பட்டவரும் வெளியேறுவதில்லை. மீண்டும் தாயம் போட்டு உள்ளே வரலாம்.

ஒரே ஒரு குறை உண்டு. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பது விதி. எட்டு முறை உருட்டியும் தாயமே விழாமல் போவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரும். எட்டு வயதுக்கு அவ்வளவு பொறுமை ஏது? ஆகவே சிறியவர்களுக்கு மட்டும் ஐந்து விழுந்தாலும் காய் இறங்கலாம் என்று வீட்டுச் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். சந்தர்ப்பம் இரண்டு மடங்காகி, நான்கில் ஒன்றாகிவிடும்.

இந்த இனத்தைச் சேர்ந்த பச்சீசி இங்கிலாந்தில் காப்புரிமை பெற்று, 'லூடோ' என்ற புதுப் பெயருடன் பெட்டியில் ஏறி நம் கடைகளுக்கே திரும்பி வந்திருக்கிறது. அதை வாங்குவதில் தோஷமில்லை. ஆனால் வீட்டிலேயே ஆசிரியை ஒருவர் இருக்கும்போது, முதலில் அவரிடம் கற்றுக்கொள்வது அழகு.

ஆகையால் சகோதரிக்கு நம் யோசனை இது. இந்த வாரம் ஒன்றும் வாங்க வேண்டாம். ஒரு அட்டையும் சாக்பீஸும் போதும்; தாயக்கட்டை இல்லையென்றால் ஒரு புறம் தேய்த்த புளியங்கொட்டைகளோ சோழிகளோ போதும். ஐந்து பேரும் சேர்ந்து உட்காரும் பழக்கம் ஒரு மாதம் நிலைத்த பிறகு கடைக்குப் போங்கள். அப்போது ஐந்து பேர் ஆடக்கூடியதாகப் பாருங்கள். 2004-ல் வெளிவந்த 'டிக்கெட் டு ரைட்' என்னும் ரயில் விளையாட்டு அத்தகையது. ஊர்ப் பெயர்கள் மாத்திரம் ஆங்கிலத்தில் இருக்கும், அவற்றைப் பாட்டிக்குப் பேத்தி படித்துச் சொல்லட்டும். காரம் பலகை வாங்கினால், தோற்ற கட்சியில் ஒருவர் எழுந்து இடம் கொடுக்க வேண்டும் என்று முறை வையுங்கள்.

கடைசியாக ஒன்று. மாமியாரிடம் போய், "அத்தை, நீங்களும் ஆட வர்றீங்களா?" என்று கேட்காதீர்கள். "நீங்க ஆடுங்க" என்ற பதில் தயாராக இருக்கும். "அத்தை, உங்க ஊர்ல தாயம் எப்படி ஆடுவீங்க?" என்று கேளுங்கள்.

கேட்டுவிட்டு, தோற்பதற்கும் தயாராக இருங்கள்.