கடையை மூடலாம், சரக்கை மூட முடியுமா?

2017 ஏப்ரல் 29. துருக்கி அரசு விக்கிபீடியாவுக்குத் தடை போட்டது. தன் மீது குற்றம் சாட்டும் சில கட்டுரைகளை நீக்கச் சொன்னது, அவை நீக்கப்படவில்லை. உடனே எல்லா மொழிப் பதிப்புகளும் முடக்கப்பட்டன. நாலு பக்கம் பிடிக்கவில்லை என்று நூலகத்தையே பூட்டிய கதை இது!

இது எப்படி அவ்வளவு சுலபமாக முடிந்தது? இன்டர்நெட்டில் நாம் பொருளைக் கேட்பதில்லை. கடையின் விலாசத்தைத்தான் சொல்கிறோம். வாசலில் ஆளை நிறுத்திவிட்டால் உள்ளே இருக்கும் சரக்கு எதற்கு உதவும்?

ஜுவான் பெனட் என்பவர் வடிவமைத்து 2015இல் வெளிவந்த ஐ.பி.எஃப்.எஸ். மென்பொருள் இதை மாற்றிப் போட்டது. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே ஒரு கைரேகை கணக்கிடப்படுகிறது. அந்தக் கைரேகையைச் சொல்லிக் கேட்டால், உலகில் எவருடைய கம்ப்யூட்டரில் அது இருந்தாலும் அங்கிருந்து வந்து சேரும். ஓர் எழுத்தை மாற்றினாலும் கைரேகை மாறிவிடும். எனவே கொடுப்பவர் முகம் தெரியாவிட்டாலும் கலப்படச் சரக்கு செல்லாது.

2017 மே மாதத்திலேயே துருக்கி மொழி விக்கிபீடியாவின் நகல் இந்த வலையில் ஏற்றப்பட்டது. படிக்கலாம், திருத்த முடியாது. ஆனாலும் படிக்க ஒரு வழி பிறந்ததே!

இளைஞர்களே! இதோடு பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஏற்றிய கோப்பைத் தன் கம்ப்யூட்டரில் பாதுகாக்க எவரும் இல்லையென்றால் அது காணாமல் போகும். கைரேகை மட்டும் கையில் இருக்கும், பொருள் இருக்காது. அழியாமல் காப்பது மென்பொருள் அல்ல, நகலை வைத்திருக்கும் மனிதர்கள்தான்.

வணிகப் பெருமக்களே! கடைக் கணக்கை அப்படியே இதில் போட்டுவிடாதீர்கள். கைரேகை தெரிந்த எவரும் எடுத்துப் பார்க்கலாம். பிறர் நகல் எடுத்துவிட்டால் திரும்பப் பெறவும் வழியில்லை. கேட்பவரின், கொடுப்பவரின் இணைய முகவரியும் மறைவதில்லை. ஊருக்குப் பொதுவானதை வைக்கும் இடம் இது. இரகசியப் பெட்டி அல்ல.

துருக்கியின் பூட்டு எப்போது திறந்தது? தடை கருத்துரிமைக்கு எதிரானது என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2019 டிசம்பர் 26 அன்று தீர்ப்பளித்த பிறகு, 2020 ஜனவரி 15இல் திறந்தது. பூட்டைத் திறந்தது வழக்கு. அதுவரை பசியாற்ற உதவியது நகல். உரிமைக்காகப் போராடவும் வேண்டும். நகலைக் கைவிடாமல் காக்கவும் வேண்டும். ஒன்று இருக்கிறதென்று மற்றதை விட்டால் இழப்பு யாருக்கு? சிந்திப்பீர்!