மனோராவுக்குப் போய் வாருங்கள்



கடல் பார்க்க வேண்டுமென்றால் நம் மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் ராமேஸ்வரத்துக்கோ கன்னியாகுமரிக்கோதான் வண்டி பிடிக்கும். பரவையில் எங்கள் தெருவிலும் அப்படித்தான். இந்தக் கோடை விடுமுறைக்கு உங்களை வேறொரு கரைக்குக் கூப்பிடுகிறேன். மேலூர், திருப்பத்தூர், காரைக்குடி, அறந்தாங்கி வழியாகப் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடியுங்கள். சேதுபாவாசத்திரத்தைத் தாண்டி, மல்லிப்பட்டினம் வருவதற்கு முன்னால், சரபேந்திரராஜன்பட்டினத்தில் கடலைப் பார்த்தபடி நிற்கிறது மனோரா.

அறுகோண வடிவம். மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே செல்லும் எட்டு அடுக்குகள். ஏறக்குறைய 75 அடி உயரம். வளைவு வைத்த ஜன்னல்கள், சுற்றிலும் மதில், அகழி. இப்படி ஒரு கட்டடத்தைத் தமிழ்நாட்டில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது. எதற்காக என்பதைக் கேட்டால்தான் வியப்பாக இருக்கும். பிரான்சின் நெப்போலியன் வீழ்ந்ததற்காக, ஆங்கிலேயர் படைகளின் வெற்றியைக் கொண்டாட!

வாட்டர்லூ வெற்றியின் நினைவுச் சின்னம் என்றே பலரும் எழுதுகிறார்கள். ஆனால் மனோராவில் பதித்த கல்வெட்டில் இருக்கும் ஆண்டு 1814. வாட்டர்லூ போர் நடந்தது 1815 ஜூனில். 1814 ஏப்ரலில் நெப்போலியன் முடிதுறந்து எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டாரே, அந்த முதல் வீழ்ச்சியைத்தான் இந்தக் கல் சொல்கிறது. மறு ஆண்டே அவர் தீவிலிருந்து திரும்பி வந்து ஐரோப்பாவைக் கலக்கப் போகிறார் என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

போகிற வழியில் திருப்பத்தூரில் கட்டாயம் இறங்குங்கள். மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று ஆங்கிலேயர் தூக்கிலிட்ட ஊர் அது. அங்கே சற்று நேரம் நின்றுவிட்டு, அதே நாளில் மனோராவின் கல்வெட்டு முன்னாலும் நின்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவே பதின்மூன்று ஆண்டுகள்தான். அங்கே உயிரைக் கொடுத்து எதிர்த்தார்கள். இங்கே அந்த ஆங்கிலேயரின் நண்பன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு ஓர் அரசர் கோபுரம் எழுப்பினார். கல்வெட்டில் அதைப் படிக்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

ஆனாலும் சரபோஜியைத் துரோகி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பத்து வயதில் தத்தெடுக்கப்பட்ட பிள்ளை அவர். தத்தெடுத்த துளஜா மன்னர் அதே 1787ஆம் ஆண்டில் இறந்துபோக, அரியணை அமர்சிங் என்பவரிடம் போனது. பிள்ளையின் பாதுகாப்புக்காகச் சென்னைக்கு அழைத்துப்போய்ப் படிக்க வைத்தவர் ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ். 1798இல் அவரை அரியணையில் உட்கார வைத்தது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி. மறு ஆண்டே ஒப்பந்தம் போட்டு நாட்டை வாங்கிக்கொண்டதும் அதே கம்பெனிதான். தஞ்சைக் கோட்டையும் அதைச் சுற்றியுள்ள கொஞ்ச இடமும்தான் அவருக்கு மிஞ்சின. ஆள நாடில்லாத அந்த அரசர்தான் சரஸ்வதி மகால் நூலகத்தைத் தேடித் தேடி நிரப்பினார்; தன்வந்திரி மகாலில் மருத்துவம் வளர்த்தார்; கண் நோயாளிகளின் விவரங்களைப் படங்களோடு எழுதி வைக்கச் செய்தார். ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கருக்குச் சோறும் பிள்ளைகளுக்குப் படிப்பும் கிடைக்க வழி செய்தார். நன்றியா, அச்சமா, அரசியல் கணக்கா, எது அவரை மனோராவைக் கட்ட வைத்தது? மூன்றும் கலந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

2004 சுனாமி இந்தக் கோபுரத்தைச் சேதப்படுத்தியது. பிறகு சீர் செய்தார்கள். எதிரே இருக்கும் பாக் விரிகுடா ஆழம் குறைந்த, அலை அடங்கிய கடல். அடியில் கடற்புல் விரிந்து கிடக்கிறது. அதை மேய்ந்து வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்காக, தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு 2022இல் காப்பகமாக அறிவித்தது. கடற்பசு இனத்துக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் காப்பகம் இது. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

மதிலும் அகழியும் மனோராவில் மட்டுமல்ல; நம் மதுரையிலும் ஒரு பெருங்கோட்டை இருந்தது. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்துத்தான் இன்றைய வெளி வீதிகளைப் போட்டார்கள். நகை வாங்கவும் துணி எடுக்கவும் போகும்போது நாம் கடந்துபோகும் விளக்குத்தூண் அவர் நினைவாக வைத்ததுதான். பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே மேற்கு வாசல் கொத்தளம் மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது. மனோரா போக வசதிப்படாதவர்கள் அதையாவது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

உங்கள் ஊர்ப்பக்கம் இடிந்த மதிலோ கொத்தளமோ காவல் கோபுரமோ இருந்தால், அதைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். பள்ளிப் பிள்ளைகள் எழுதினால் இன்னும் மகிழ்ச்சி. அடுத்த இதழில் நான்கு பக்கங்களை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்