பால்கோவாவுக்கு ஒரு நியாயம், பாடுகிற பிள்ளைக்கு ஒரு நியாயமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேப்பரில் படித்தோம், சந்தோஷப்பட்டோம், கால் கிலோ வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மறந்துவிட்டோம். அந்தக் குறியீட்டுக்குப் பின்னால் இருக்கிற 1999-ம் வருடத்துச் சட்டத்தை யார் புரட்டிப் பார்த்தது? அதில் ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு விண்ணப்பத்தைப் பதிவாளர் நிராகரித்தால், ஏன் நிராகரித்தார் என்பதை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

அதாவது, இந்த நாட்டில் பால்கோவாவைப் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்வதற்குக்கூடக் காரணம் சொல்லியாக வேண்டும்!

இப்போது அதே ஊரில், மார்கழி மாதம், திருப்பாவை ஒப்புவித்தல் போட்டிக்கு வாருங்கள். ஆண்டாள் பிறந்த ஊர் என்பதால் பிள்ளைகளுக்கு இது சாதாரணப் போட்டி இல்லை. முப்பது பாசுரத்தையும் நெட்டுருப் போட்டு, பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்துக்கொண்டு வருகிறார்கள். மைக் முன்னால் நின்று ஒப்பிக்கிறார்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு அறிவிக்கிறார்கள். கைதட்டல். மீதிப் பிள்ளைகளுக்கு? கையில் ஒரு சான்றிதழ், தலையில் ஒரு தட்டு. "அடுத்த வருஷம் நல்லாப் பண்ணு கண்ணு."

நல்லாப் பண்ணு என்றால் எப்படி சார்? எதை? அந்தப் பிள்ளைக்கு நாக்கு குழறியதா, மூச்சு போதவில்லையா, வார்த்தையை நடுவில் பிய்த்துவிட்டதா? யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் அதே தப்பை இன்னும் ஒரு வருஷம் பக்தி சிரத்தையாக மனப்பாடம் செய்யும். மறு வருஷம் மறுபடி தோற்கும். மூன்றாம் வருஷம் வராது.

பிள்ளைகளோடு முடிந்துவிடுகிற சங்கதியா இது? ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அங்கேயும் போங்கள், அங்கிருந்து எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போங்கள். கம்பனுக்கு ஒரு கழகம், பாட்டுக்கு ஒரு சபா, பழைய சினிமாப் பாட்டுக்கு ஒரு குழு, நடிகருக்கு ஒரு மன்றம். பெயர் எதுவானாலும் எல்லாமே ரசிகர் கூட்டம்தான். சம்பளம் கிடையாது. கைக்காசைப் போட்டு, ஆசைக்காக நடத்துகிறார்கள். அதில் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் அங்கே புதிதாக ஒருவர் வந்து "எனக்கும் ஒரு வாய்ப்பு கொடுங்க, நானும் சேர்ந்துக்கறேன்" என்று கேட்கட்டும். ஐந்து நிமிஷம் பேசச் சொல்லியோ பாடச் சொல்லியோ கேட்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு வரும் தீர்ப்பு: "சொல்லி அனுப்பறோம்."

அப்புறம் சொல்லவும் மாட்டார்கள், அனுப்பவும் மாட்டார்கள்!

தேர்ந்தெடுக்காதது தப்பில்லை. எல்லோருக்கும் மேடை கொடுத்தால் கேட்க ஆளிருக்காது. 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை எந்தக் குழுவுக்கும் உண்டு. ஏன் வேண்டாம் என்று சொல்லாமல் அனுப்புவதுதான் தப்பு.

இதைக் கேட்டால் உடனே நக்கீரர் பரம்பரை என்று மார்தட்டுவோம். 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! டைரக்டர் ஏ.பி.நாகராஜனே நக்கீரராக நடித்தார். பரிசு கேட்டு வந்த தருமியாக நாகேஷ். அந்தக் கதையில் நக்கீரர் சும்மா 'பாட்டு சரியில்லை, போய்யா' என்றா சொன்னார்? பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டு என்கிறது பாட்டு, அப்படிக் கிடையாது, அதனால் பொருள் குற்றம் என்று இடத்தைத் தொட்டுக் காட்டினார். காரணம் சொன்னதால்தான் சிவபெருமானே வந்து வாதாட முடிந்தது. நம் நடுவர்கள் நக்கீரரின் முறைப்பை எடுத்துக்கொண்டார்கள், காரணத்தை விட்டுவிட்டார்கள்.

அரங்கேற்றம் என்ற சொல்லுக்கு இன்று சலங்கையும் மாலையும்தான் ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்தில் அது ஒரு பரீட்சை. கச்சியப்ப சிவாச்சாரியார் காஞ்சி குமரகோட்டத்தில் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, காப்புச் செய்யுளின் முதல் சொல்லிலேயே ஒருவர் எழுந்து தடுத்ததாக ஐதீகம். இந்தச் சொற்புணர்ச்சிக்கு இலக்கணம் எங்கே என்று கேட்டாராம். மறுநாள் வீரசோழியத்திலிருந்து விதி எடுத்துக் காட்டிய பிறகே நூல் நகர்ந்தது. ஆட்சேபம் ஒரு சொல்லின் மேல். பதில் ஒரு விதி. எவ்வளவு சுத்தமான வேலை!

அவ்வளவு பழசுக்குப் போவானேன்? ராஜபாளையத்திலிருந்து தெற்கே போனால் குற்றாலம். அங்கே வாழ்ந்த டி.கே.சி.க்கு ஊர் கொடுத்த பட்டமே ரசிகமணி. கம்பனுக்கு அவரைவிடப் பெரிய ரசிகர் யார்? ஆனால் கம்பராமாயணத்திலேயே பாட்டுப் பாட்டாக எடுத்து, "இது கம்பன் வாக்கு இல்லை, இடைச்செருகல்" என்று தள்ளினார். பண்டிதர்கள் கொதித்தார்கள். சரியோ தப்போ, அவரோடு சண்டை போட முடிந்தது, அவர் காரணத்தை வெளியில் வைத்ததால். 'சொல்லி அனுப்பறோம்' ஆசாமியோடு என்ன சண்டை போடுவது?

காரணம் சொல்வதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நம்ம ராமானுஜன் கதை. 1911-ல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழுக்குக் கட்டுரை அனுப்பினார். ஆசிரியர் நாராயண ஐயங்கார் குப்பையில் போடவில்லை. புரியும்படி எழுது என்று திரும்பத் திரும்ப அனுப்பித் திருத்த வைத்துப் பிரசுரித்தார். 1912-ல் ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. அவருடைய கணக்குகள் லண்டனில் பேராசிரியர் ஹில்லிடம் போயின. ஹில், இது இப்போதைக்குப் பிரசுரத்துக்குத் தயாரில்லை என்றுதான் சொன்னார். ஆனால் எங்கே சறுக்கியிருக்கிறது, அதைச் சரி செய்ய எந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்று ஆசிரியர் பெயரோடு எழுதினார். கேம்பிரிட்ஜில் வேறு இரண்டு பெரியவர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் திருப்பி அனுப்பியதாகச் சொல்வார்கள். 1913-ல் ஹார்டி என்ன செய்தார்? வந்த சூத்திரங்களை மூன்றாகப் பிரித்தார். ஏற்கெனவே தெரிந்தவை, புதுசு ஆனால் ரொம்ப முக்கியமில்லாதவை, புதுசும் முக்கியமும் ஆனவை. அப்புறம், நிரூபணத்தை அனுப்பு என்று கேட்டார்.

ஹில்லையும் ஹார்டியையும் இன்றைக்கும் நன்றியோடு சொல்கிறோம். பேசாமல் திருப்பியவர்களை எதற்காக நினைக்கிறோம்? ராமானுஜனைத் தவறவிட்டவர்கள் என்பதற்காக!

நம் மன்றத்துக்காரர்களிடம் மூன்று சாக்கு தயாராக இருக்கும்.

முதல் சாக்கு, "மனசு நோகும்." காரணத்தோடு சொன்னால் ஒரு நாள் நோகும். காரணம் தெரியாவிட்டால் ஆயுசுக்கும் நோகும். 'என் குரலே மோசம் போல' என்று முடிவுகட்டி வாயை மூடிக்கொண்ட எத்தனை பேர் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, "நேரமில்லை." நாற்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு நிமிஷம் என்றால் நாற்பது நிமிஷம். சிறப்பு விருந்தினர் சொற்பொழிவை அதைவிடக் குறைந்த நேரத்தில் முடித்து நீங்கள் பார்த்ததுண்டா? பொன்னாடை போர்த்துகிற நேரத்தைக் கழித்தாலே பாதிப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம்.

மூன்றாவது, "சொன்னா வம்பு வரும், பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க." வரட்டுமே! தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காகப் பரீட்சை நடத்துவது நின்றுபோய்விட்டதா? பேசாமல் இருந்தால் மட்டும் வம்பு இல்லையா? தோற்றவர் வீட்டில் அன்று ராத்திரி என்ன பேசுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? "அவங்க ஆளுங்களுக்குத்தான் கொடுப்பாங்க." சிபாரிசு என்பார்கள், சாதி என்பார்கள், காசு என்பார்கள். பல இடங்களில் அது பொய். சில இடங்களில் அது நிஜம்! நேர்மையான நடுவரும் மௌனம், சிபாரிசுக்கு மசிந்த நடுவரும் மௌனம் என்றால், இரண்டு பேரையும் ஊர் எப்படிப் பிரித்துப் பார்க்கும்? காரணம் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் வந்தால், சிபாரிசுக்காரர்தான் முழிப்பார்.

இன்னொரு ஜாதி நடுவரும் உண்டு. காரணம் சொல்கிறேன் பேர்வழி என்று, "இந்தக் குரலை வெச்சுக்கிட்டு மேடைக்கு வந்துட்டியா?" என்று கிண்டலடித்து, கூட்டத்தைச் சிரிக்க வைப்பவர். அதில் அந்த ஆள் திருத்திக்கொள்ள என்ன இருக்கிறது? குரலை மாற்ற முடியுமா? அவரும் காரணம் சொல்லாதவர் கணக்கில்தான் சேர்த்தி.

எப்படித்தான் சொல்வது? "பாட்டுச் சொன்ன இடம் நல்லா இருந்துச்சு தம்பி. பதினைஞ்சு நிமிஷத்துல பத்து நிமிஷம் அவையோர்களே, தலைவர் அவர்களேன்னு போயிடுச்சு. அடுத்த தடவை ஒரே ஒரு காட்சியை எடுத்துக்க. ஆறு மாசம் கழிச்சு வா, மறுபடி கேக்கறோம்." எது நன்றாக இருந்தது, எது இடித்தது, அடுத்து என்ன செய்ய வேண்டும், எப்போது திரும்பி வரலாம். நாலே நாலு விஷயம். ஒரு போஸ்ட்கார்டில் அடங்கும்.

இது தெரியாதவர்களா நாம்? 2005-ல் தபால்தலையில் இடம்பிடித்தது ராஜபாளையம் நாய். குட்டி வாங்கப் போகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? வெள்ளை சுத்தமா, மூக்கு ரோஸ் கலரில் இருக்கிறதா, கால் நேராக நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிடிக்காவிட்டால், எது சரியில்லை என்று வளர்த்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். நாய்க்குட்டிக்குக் கிடைக்கிற அந்தக் கவனத்தைத்தான் மேடை கேட்டு வருகிறவருக்கும் கொடுங்கள் என்கிறேன்.

நீங்கள் ஏதாவது ஒரு மன்றத்தில் இருந்தால், அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். உங்கள் பிள்ளை போட்டிக்குப் போனால், பரிசு வாங்காத அன்றைக்கு நடுவரிடம் போய், "எங்கே தப்புன்னு சொல்லுங்க சார், திருத்திக்கறோம்" என்று பணிவாகக் கேளுங்கள். சொல்லத் தெரிந்தவர் சொல்வார். சொல்லத் தெரியாதவரை அடுத்த வருஷம் நடுவராகக் கூப்பிடாதீர்கள்.

அவருக்கு மட்டும் மறக்காமல் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்!