கள்ளனும் மன்னனும்

சித்திரைத் திருவிழாவுக்கு விருதுநகரிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் மதுரைக்குப் போகும் நம் தோழர்கள் திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1636இல் எழுந்த மாளிகை. 248 தூண்கள். தூண்களை இணைக்கும் வளைவுகள் செங்கல். மேற்பூச்சு முட்டை வெண்கரு கலந்த சுண்ணச் சாந்து. உத்திரம் இல்லாமலே நிற்கிறது குவிமாடம்!

இத்தாலியச் சிற்பி ஒருவர் திட்டம் போட்டுத் தந்தார் என்கிறார்கள். இருக்கட்டும். செங்கல் அறுத்தவன் எந்த ஊர்? சாந்து அரைத்தவள் யார்? ஒருவரும் சொல்வதில்லை. 72 பாளையங்களின் கப்பத்தில் வளர்ந்த ஆட்சி அது. கப்பம் பாளையக்காரன் வீட்டுச் சொத்தல்ல; குடியானவன் களத்து நெல்!

மகாலைப் பற்றி ஒரு கதை உண்டு. கூரையில் துளையிட்டு ஒரு கள்ளன் அரண்மனை நகைகளைத் திருடினானாம். திருப்பிக் கொடுத்தால் மானியம் தருவதாக மன்னர் பறை அறைவித்தார். நம்பி வந்தான். மன்னர் வாக்குத் தவறவில்லை: மானியமும் கொடுத்தார், தலையையும் எடுத்தார்!

பிறகு நடந்தது கதையல்ல, சரித்திரம். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது மாளிகையைப் பெயர்த்து எடுத்துச் சென்றார். இன்று எஞ்சியிருப்பது கால் பங்குதான். துளை போட்டவன் கள்ளன். முக்கால் மாளிகையைப் பெயர்த்தவர் மன்னர்! இதுதான் ஆளும் வர்க்கத்தின் அகராதி.

1801இல் மதுரை கும்பினியின் கைக்குப் போயிற்று. இடிந்து கிடந்ததை 1866-72இல் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். புகழ் பிரபுவுக்கு, செலவு நம் பாட்டன்மார் கட்டிய வரியில். அப்புறம் அங்கே கோர்ட்டு, 1970 வரை. இன்று அரசுத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில், மக்கள் சொத்தாக நிற்கிறது.

"கம்யூனிஸ்டுகளுக்குக் கலை பிடிக்காது" என்பார்கள். தவறு. மகாலை நாம் வெறுக்கவில்லை. நம் கைவண்ணம் என்று உரிமை கொண்டாடுகிறோம். அதைக் கட்டிய உழைப்பாளிக்கு அங்கே ஒரு கல்வெட்டு வை என்று கேட்கிறோம்.

பழங்கதை எதற்கு என்று கேட்காதீர்கள். சிவகாசிப் பட்டாசுப் பெட்டியைப் பாருங்கள். முதலாளியின் மார்க் பளபளக்கும். மருந்து செலுத்திய பெண்ணின் பெயர் எப்போது அச்சேறுகிறது? அவள் கருகிச் செத்த மறுநாள், பத்திரிகையில்! 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் அப்படித்தான் மாண்டார்கள். ஏறத்தாழ 400 ஆண்டு நிற்கும் மாடம் எழுப்பிய வர்க்கத்துக்கு, உயிரோடு வேலை பார்க்க ஓர் அறை இல்லை.

தோழர்களே! செத்த பிறகு வரும் பெயர் நமக்கு வேண்டாம். உயிரோடு இருக்கையில் ஹாஜர் பட்டியலில் பெயர், கூலிச் சீட்டில் பெயர், சங்கத்தில் பெயர்! அதற்காக ஒன்றுபடுவோம்.